வெற்றிக்கு முன்பே வந்த பதக்கம்

பழைய நாணயங்களையும் பதக்கங்களையும் சேகரிப்பவர்களுக்கு எட்வர்ட் வெர்னன் என்ற பெயர் நன்கு பழக்கமானது. இந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியைப் போற்றி வெளிவந்த நினைவுப் பதக்கங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன.

வெர்னன் 1684ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை அரசரிடம் அமைச்சராகப் பணியாற்றியவர். மகனோ 1700ஆம் ஆண்டிலேயே கடற்படையில் சேர்ந்துவிட்டார். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். மனத்தில் பட்டதை மறைக்காமல் பேசுவது அவர் இயல்பு. இன்றைய பனாமா நாட்டில் இருக்கும் போர்ட்டோ பெல்லோ துறைமுகம் அப்போது ஸ்பெயினின் வசம் இருந்தது. அதை ஆறே கப்பல்களால் பிடித்துவிட முடியும் என்று அவர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1739ஆம் ஆண்டு ஸ்பெயினுடன் போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், சொன்னபடியே ஆறு கப்பல்களைக் கொண்டு அத்துறைமுகத்தைக் கைப்பற்றினார்.

செய்தி இங்கிலாந்தை எட்டியதும் மக்கள் கொண்டாடித் தீர்த்தனர். வணிகர்கள் அந்த மகிழ்ச்சியைப் பணமாக்கினர். செம்பும் துத்தநாகமும் கலந்த, தங்கம்போல் மின்னும் மலிவான உலோகத்தில் பதக்கங்கள் வந்து குவிந்தன. ஒரு பக்கம் வெர்னனின் உருவம். மறுபக்கம் துறைமுகமும் ஆறு கப்பல்களும். அவசரத்தில் செய்ததால் சிலவற்றில் எழுத்துப் பிழைகள்கூட உண்டு. சேகரிப்பாளர்கள் இன்று அந்தப் பிழைகளையும் கப்பல்கள் நிற்கும் வரிசையையும் உருப்பெருக்கியால் பார்த்தே ஒரு வகையை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகின்றனர்.

1741ஆம் ஆண்டு வெர்னன் பெரும்படையுடன் கார்த்தஹேனா நகரைத் தாக்கினார். அது இன்றைய கொலம்பியாவில் உள்ளது. துறைமுக வாயிலில் இருந்த கோட்டை பிடிபட்டதும், வெற்றி நெருங்கிவிட்டதாக லண்டனுக்குச் செய்தி அனுப்பினார். பதக்கம் செய்வோர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. ஸ்பானியத் தளபதி பிளாஸ் தே லேசோ மண்டியிட்டு வெர்னனிடம் வாளை ஒப்படைக்கும் காட்சியைப் பொறித்து விற்கத் தொடங்கினர்.

அப்படி ஒரு காட்சி நடக்கவே இல்லை. லேசோ நகரைக் காத்து நின்றார். மஞ்சள் காய்ச்சல் ஆங்கிலேயப் படையில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறிக்க, வெர்னன் பின்வாங்க நேர்ந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. லேசோ இளமையிலேயே போரில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்தவர். பதக்கத்திலோ அவர் இரண்டு கால்களுடன் இருக்கிறார்! அவரை நேரில் பார்த்திராதவர்கள் செய்த வேலை அது. கார்த்தஹேனாவில் இன்று நிற்கும் அவருடைய சிலைக்கு மரக்கால்தான் வைத்திருக்கிறார்கள்.

தோல்விக்குப் பிறகும் வெர்னனின் புகழ் உடனே மங்கிவிடவில்லை. கடற்படைத் தலைமையைக் குறைகூறும் சிறு நூல்களை வெளியிட்டதற்காகவே 1746ஆம் ஆண்டு அவர் பதவியை இழந்தார். 1757இல் காலமானார்.

அவர் பெயர் அமெரிக்காவிலும் நிலைத்தது. கார்த்தஹேனா போரில் அவருக்குக் கீழ் பணியாற்றிய லாரன்ஸ் வாஷிங்டன் தம் பண்ணைக்கு மவுண்ட் வெர்னன் என்று பெயரிட்டார். அது பிற்பாடு அவருடைய தம்பியும் அமெரிக்காவின் முதல் அதிபருமான ஜார்ஜ் வாஷிங்டனின் இல்லமாயிற்று. லண்டனில் போர்ட்டோபெல்லோ என்றொரு தெருவும் இருக்கிறது. அங்குச் சனிக்கிழமைதோறும் பழம்பொருள் சந்தை கூடுகிறது.