இருதய அடைப்பைப் பலூனால் திறந்த டாக்டர் குருன்ட்ஸிக்

இருதய அடைப்புக்குப் பலூன் வைப்பது இன்று பலரும் அறிந்த சிகிச்சை. அதைத் தொடங்கி வைத்தவர் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக்.

1939 ஜூன் 25-ஆம் தேதி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். போரில் தந்தையை இழந்தவர். கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேறி, ஹைடல்பர்க்கில் மருத்துவம் பயின்று, 1969-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பணியில் சேர்ந்தார்.

கால் ரத்தக் குழாயின் அடைப்பைக் கத்தியின்றித் திறக்கும் முறையை அமெரிக்க டாக்டர் சார்லஸ் டாட்டர் 1964-இலேயே காட்டியிருந்தார். ஒரு குழாயின் மேல் அதைவிடப் பெரிய குழாயைச் செலுத்தி விரிக்கும் முறை அது. ஆனால் உடலில் இடும் துளையும் பெரிதாகும். ரத்தக் கசிவும் கூடும். எனவே, சுருங்கிய பலூனை மெல்லிய குழாயின் நுனியில் அனுப்பி, அடைப்பு உள்ள இடத்தில் ஊத முயன்றார் குருன்ட்ஸிக். பகலில் மருத்துவமனை வேலை. இரவில் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் செய்யும் வேலை.

1977 செப்டம்பர் 16-ஆம் தேதி, 38 வயது நோயாளி ஒருவரின் இருதய ரத்தக் குழாயைப் பலூனால் திறந்தார். பத்தாண்டுகளுக்குப் பிறகு சோதித்தபோதும் அது திறந்தே இருந்தது. முதல் 50 பேரில் 32 பேருக்கே சிகிச்சை கைகூடியது. தோல்விகளையும் மறைக்காமல் வெளியிட்டார்.

1980-இல் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1985 அக்டோபர் 27-ஆம் தேதி, தாம் ஓட்டிய சிறு விமானம் விழுந்து மனைவியுடன் மாண்டார். அப்போது வயது 46.

அவர் விட்டுச் சென்ற சிக்கல் ஒன்று இருந்தது. குழாயில் ரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் மருந்தே, தொடையில் இட்ட துளையிலும் வயிற்றிலும் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். 1986-இல் ஸ்டென்ட் வந்தபின் மருந்துகளின் தேவை மேலும் கூடியது. கடுமையாக ரத்தம் கசிந்தவர்களுக்கு உயிராபத்தும் அதிகம். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் டாக்டர் ஃபெர்டினாண்ட் கீமெனெய் மணிக்கட்டு வழியாக இச்சிகிச்சையைச் செய்தார். அங்கே துளையை எளிதில் அழுத்திப் பிடிக்கலாம் என்பதால் கசிவு குறைந்தது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் மலம் கறுத்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். சமையலறை மேசையில் பிறந்த அந்தச் சிகிச்சையின் முழுப் பலன், இந்தக் கவனத்தில்தான் இருக்கிறது.