லக்சுமன் விக்கிரமசிங்க

லக்சுமன் விக்கிரமசிங்க (மார்ச் 25, 1927 – அக்டோபர் 23, 1983) இலங்கையைச் சேர்ந்த அங்கிலிக்கன் ஆயரும் மனித உரிமைச் செயற்பாட்டாளரும் ஆவார். சிங்களவரான இவர் குருநாகல் மறைமாவட்டத்தின் இரண்டாவது ஆயராக 1962 முதல் இறக்கும் வரை பணியாற்றினார்.

வாழ்க்கைச் சுருக்கம்

கொழும்பு றோயல் கல்லூரியில் பயின்ற இவர், இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் ஆக்சுபோர்டிலும் உயர்கல்வி பெற்றார். ஆயரானபோது இவருக்கு வயது 35.

மனித உரிமைப் பணி

1971 இல் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியை அரசு ஒடுக்கியபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து உருவான குடிசார் உரிமைகள் இயக்கத்துக்கு இவர் தலைமை தாங்கினார். ஆளுங்கட்சி எதுவாயினும் உரிமை மீறல்களை இவ்வியக்கம் எதிர்த்தது. 1977 இல் அமைந்த அரசில் இவரது தமையன் மகன் ரணில் விக்கிரமசிங்க அமைச்சராக இருந்தார். எனினும், அவ்வரசு 1979 இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் இயக்கம் எதிர்த்தது.

1983 சூலை வன்செயல்கள்

1983 சூலையில் தமிழர் கொல்லப்பட்டு, அவர்தம் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அதன் பின்னர் தமது மறைமாவட்டத்துக்கு ஆற்றிய இறுதி உரையில், இக்கொடுமையை எக்காரணத்தாலும் நியாயப்படுத்தவியலாது என இவர் கூறினார். சிங்களவர் இதற்காக வெட்கமுற்றுத் தமிழரிடம் மன்னிப்புக் கோரவேண்டும் என்றும் வலியுறுத்தினார். பெரும்பான்மை இனத்தைச் சேர்ந்த திருச்சபைத் தலைவர் என்பதால், தம் இனத்தவரின் குற்றத்தில் தமக்கும் பொறுப்புண்டு என இவர் கருதினார். வன்செயல்கள் நிகழ்ந்து மூன்று மாதங்களில், 56 ஆவது வயதில் காலமானார்.