தொழுநோயை விரட்டிய காக்ரேன் டாக்டர்!

வந்தவாசி,

ஒரு பக்கம் வேலூர், இன்னொரு பக்கம் செங்கல்பட்டு, நடுவில் நம்ம வந்தவாசி. அந்த 2 ஊரிலும் தொழுநோயோடு மல்லுக்கட்டியவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன்.

1899ல் சீனாவில் பிறந்த வெள்ளைக்காரர். அப்பாவும் டாக்டர். 1930களில் செங்கல்பட்டு அருகே திருமணி தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பேற்றார். அப்போது நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான் வைத்தியம். வலி உயிர் போகும். குணமாகும் என்ற நிச்சயமும் கிடையாது. பெருநோய் என்று தெரிந்தால் சொந்த வீட்டிலேயே சேர்க்க மாட்டார்கள்.

1940களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு முதல்வர் ஆனார். திருமணி நோயாளிகளுக்கு 'டாப்சோன்' என்ற புது மருந்தை ஊசியாகப் போட்டார். நோய் அடங்கியது!

அதோடு விடவில்லை. எலும்பு டாக்டர் பால் பிராண்டை 1947ல் திருமணிக்குக் கூட்டிப்போய், நோயாளிகளின் மடங்கிப்போன கைகளைக் காட்டினார். பிராண்ட் அந்தக் கைகளை வேலூரில் ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்.

காக்ரேன் 1959ல் வெளியிட்ட தொழுநோய்ப் புத்தகம் பல நாட்டு டாக்டர்களுக்குப் பாடம் ஆனது. 1985ல் காலமானார். திருமணி ஆஸ்பத்திரி 1955 முதல் மத்திய அரசு வசம் இருக்கிறது.

இன்று 6 மாதம் முதல் 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் போதும், குணமாகிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் மறைக்காதீங்க, உடனே காட்டுங்க!