நம்ம நீல மாத்திரைக்குப் பின்னால் ஒருவர்: எல்லாப்பிரகட சுப்பாராவ்

வாரா வாரம் டீச்சர் தரும் நீல நிற மாத்திரையை எத்தனை பேர் நிஜமாகவே விழுங்குறீங்க? (ஜன்னல் வழியா எறியறவங்க கையைத் தூக்க வேண்டாம்!) அதில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் இருக்கிறது. அதை ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டிய குழுவின் தலைவர்தான் சுப்பாராவ்.

1895-இல் ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தார். படிப்பில் புலி என்று நினைத்துவிடாதீர்கள். காசிக்குப் போய் வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று சின்ன வயசிலேயே வீட்டை விட்டு ஓடியவர். அம்மா விடவில்லை, திரும்பக் கூட்டி வந்துவிட்டார். மெட்ரிக் தேர்வில் மூன்றாவது தடவைதான் பாஸ். அதுவும் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து.

அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் பேச்சைக் கேட்டு கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. பிறகு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். நம்ம கல்வராயன்மலைக் கடுக்காய் மாதிரி சரக்குகளை மருந்தாகப் படிக்கும் இடம் அது!

இதற்கு நடுவில் பெரிய அடி. அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்ற நோயில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். சாப்பிடும் சாப்பாட்டின் சத்தைக் குடல் உறிஞ்சாது, ரத்தம் குறைந்து ஆளே உருகிவிடுவார்.

1922-இல் அமெரிக்காவில் ஹார்வர்டுக்குப் போனார். செலவுக்குக் காசில்லாமல் ராத்திரியில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலப்பாத்திரம் கழுவினார். நம் உடம்புக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யை 1929-இல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து பிரித்தெடுத்தார். அதே சமயத்தில் ஜெர்மனியில் லோமனும் கண்டுபிடித்தார்.

1940-இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் குழு ஈரலிலிருந்தும் நுண்ணுயிர்களின் நொதித்தலிலிருந்தும் ஃபோலிக் அமிலத்தைப் பிரித்து, 1945-இல் செயற்கையாகவும் செய்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தானது! அப்போதே கிடைத்திருந்தால்... எனக்கு இந்த இடம்தான் மனசை என்னவோ செய்தது.

இன்னொரு அதிசயம் கேளுங்க. ரத்தப் புற்றுநோய் அணுக்களும் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அதே சாயலில் ஒரு போலியைச் செய்தார்கள். பெயர் அமினோப்டெரின். அணு ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும், பெருக முடியாது. பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 10 பேருக்குக் கொஞ்ச காலமாவது நோய் தணிந்தது. அதுவரை அந்தக் குழந்தைகளுக்கு மருந்தே கிடையாது.

யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அவர் குழு தந்ததே. அங்கேயே டக்கர் என்பவர் மண்ணிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் எடுத்தார். வெள்ளிமலையில் முதல் மழை பெய்ததும் மண்வாசனை வருமே, அதற்குக் காரணமும் இந்த இனம்தான்.

1948 ஆகஸ்டில் 53 வயதில் இறந்தார். ஊருக்குத் திரும்பவே இல்லை. நோபலும் கிடைக்கவில்லை. 1953-இல், கழிவுநீர் வடிகட்டியில் வளரும் ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள். 1995-இல் இந்தியா தபால்தலை வெளியிட்டது.