காசுக்கு மார்க் போட்டவரின் நாணயம்!

ஜிம் பக்கம் போனவங்க இந்த மூணு வார்த்தையைக் கட்டாயம் கேட்டிருப்பீங்க. எக்டோமார்ஃப், மீஸோமார்ஃப், எண்டோமார்ஃப். எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாத ஒல்லி உடம்பு, கொஞ்சம் வெயிட் தூக்கினாலே முறுக்கேறும் உடம்பு, தண்ணி குடிச்சாலே தொப்பை போடும் உடம்பு என்று டிரெய்னர்கள் இன்றைக்கும் ஆட்களை இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

பழைய நாணயம் சேகரிப்பவர்களிடம் பேசினால் வேறொரு கணக்கு வரும். வி.எஃப்.30, ஏ.யு.58, எம்.எஸ்.65. கனமான பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்த விக்டோரியா ரூபாய் ஒன்றை ஆன்லைன் ஏலத்தில் பார்த்தால், உறையின் தலைப்பில் இப்படி ஓர் எண் இருக்கும். விலையை முடிவு பண்ணுவதே பெரும்பாலும் அந்த எண்தான்.

ஜிம்மில் ஓடும் அந்த மூன்று சொற்கள், நாணய உறையில் இருக்கும் இந்த எண். இரண்டையும் கொண்டுவந்தவர் ஒரே மனிதர். பெயர் வில்லியம் ஹெர்பர்ட் ஷெல்டன். அமெரிக்க உளவியலாளர், டாக்டர், செப்புக்காசுப் பித்தர். கூடவே திருடரும்தான்.

1898-ல் ரோட் ஐலண்ட் மாகாணத்தின் வார்விக்கில் பிறந்தவர் ஷெல்டன். அப்பா இயற்கை ஆர்வலர், கால்நடை வளர்ப்பவர். நல்ல ஜாதி விலங்கு எது, சுமார் எது என்று பார்வையிலேயே தரம் பிரிக்கிற வீடு அது. பிற்காலத்தில் மனுஷங்களையும் காசுகளையும் அவர் பார்த்த விதத்தில் அந்த வீட்டுப் பழக்கம் ஒட்டிக்கொண்டே இருந்தது என்பது என் கணிப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு அங்கேயே மருத்துவமும் படித்தார். ஹார்வர்டு, கொலம்பியா என்று பெரிய இடங்களில் வேலை.

1940-ல் வந்த அவருடைய புத்தகம்தான் உடல்வாகுக் கணக்கை உலகத்துக்குச் சொன்னது. சுமார் 4,000 கல்லூரி மாணவர்களின் படங்களை வைத்து அவர் செய்த ஆய்வு. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று ஒவ்வொருவருக்கும் மூன்று கோணம். கொழுப்பு, தசை, ஒல்லித்தனம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க். ஆக, ஒரு மனிதன் என்றால் மூன்று எண்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உடம்பு எப்படியோ அப்படித்தான் குணமும் என்று அடுத்த படிக்குப் போனார். யார் குற்றவாளி ஆவான் என்பதையும் உடம்பிலேயே தேடினார். அறிவியல் உலகம் அதைப் பின்னாளில் கழித்துக்கட்டிவிட்டது.

அந்தப் படங்கள் எடுத்த விதமும் இன்னொரு அசிங்கம். அமெரிக்காவின் பெரிய பெரிய கல்லூரிகளில் முதலாண்டு மாணவ மாணவிகளை நிர்வாணமாக நிற்க வைத்து எடுத்தவை அவை. 1950-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெற்றோர் தரப்பு கொதித்தெழ, அங்கே எடுத்த படங்கள் எரிக்கப்பட்டன. மிச்சமிருந்தவற்றில் பெரும்பகுதி ஸ்மித்சோனியன் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1995-ல் இது பத்திரிகையில் வந்து நாறியபிறகு அந்தப் பெட்டிகளை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள்.

பகலில் மனிதர்களுக்கு எண் போட்ட இந்த ஆளுக்கு, இன்னொரு பக்கம் செப்புக்காசு மேல் தீராத காதல்.

சாதாரணக் காசு இல்லை. அமெரிக்கா தனி நாடான பிறகு, 1793 முதல் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த ஒரு சென்ட் காசுகள். நம்ம 10 ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, முழுக்கச் செம்பு. அந்தக் காலத்தில் அச்சுகளைக் கையால் செதுக்கினார்கள். ஒரு அச்சு உடைந்தால் இன்னொன்று. இரண்டு அச்சும் ஒரே மாதிரி வராது. சுதந்திர தேவியின் முடி ஒரு அச்சில் சுருண்டிருக்கும், இன்னொன்றில் விரிந்திருக்கும். 1794-ஆம் வருஷக் காசில் ஒரு வகைக்குப் பின்பக்க ஓரத்தில் 94 குட்டி நட்சத்திரங்கள். யார், எதற்காக வைத்தார்கள் என்று இன்றுவரை வாதம் ஓடுகிறது. ஒரே வருஷக் காசில் டஜன் கணக்கில் வகைகள் இருந்தால் சேகரிப்பவர்களுக்குச் சும்மா இருக்க முடியுமா?

1949-ல் ஷெல்டன் இந்தக் காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1793 முதல் 1814 வரை வந்த ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுத்தார். அந்த நட்சத்திரக் காசை இன்றும் எஸ்-48 என்றுதான் சொல்வார்கள். அந்த 'எஸ்' ஷெல்டனின் எஸ். ஒவ்வொரு வகையிலும் உலகத்திலேயே சிறந்ததாகத் தெரிந்த ஆறு காசுகளின் தரத்தையும் பட்டியல் போட்டார். அந்தப் புத்தகத்தில்தான் அந்த 1 முதல் 70 வரையிலான மார்க்கும் வந்தது.

அவர் யோசனை ரொம்ப சிம்பிள். என்ன வகை என்று மட்டும் அடையாளம் தெரிகிற, தேய்ந்துபோன காசுக்கு 1. அச்சிலிருந்து விழுந்த கோலத்திலேயே இருக்கும் காசுக்கு 70. ஏன் 100 இல்லாமல் 70? 1794-ஆம் வருஷக் காசுகளின் அன்றைய மார்க்கெட்டை வைத்து, தேய்ந்த காசின் விலையைவிட ஆகச்சிறந்த காசு 70 மடங்கு விலை போகும் என்று கணக்குப் போட்டார். அடிப்படை விலை 2 டாலர், காசுக்கு மார்க் 30 என்றால் விலை 60 டாலர். பெருக்கல் தெரிந்தால் போதும்.

விலைக் கணக்கு சில வருஷங்களிலேயே படுத்துவிட்டது. புதுக்கருக்கு அழியாத காசுகளின் விலை எகிறி, 70 மடங்கையெல்லாம் எங்கோ தாண்டிப் போய்விட்டது. ஆனால், அந்த மார்க் மட்டும் ஒட்டிக்கொண்டது.

காசை எப்படிப் பார்ப்பார்கள் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது தெரியாவிட்டால் ஷெல்டன் செய்த வேலையின் நுணுக்கம் புரியாது. முதலில் தேய்மானம். காசில் மேடான இடம்தான் முதலில் தேயும். கன்னம், காதுக்கு மேல் இருக்கும் முடி. அங்கே வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் லேசாக மங்கியிருக்கிறதா என்று தெரியும். மங்கியிருந்தால் காசு புழக்கத்துக்குப் போய்வந்திருக்கிறது, 60-க்குக் கீழே. மங்காமல் இருந்தால் 60-லிருந்து மேலே. அங்கிருந்து ஒவ்வொரு மார்க்குக்கும் பையில் மற்ற காசு இடித்த தழும்பு, கீறல், பளபளப்பு எல்லாம் கணக்கு.

அடுத்தது நிறம். செம்பு அச்சிலிருந்து வரும்போது தகதகவென்று சிவந்திருக்கும். காற்றும் ஈரமும் பட்டுப்பட்டு சிவப்பு பாதி, பழுப்பு பாதியாகி, கடைசியில் சாக்லேட் நிறத்துக்கு வந்துவிடும். இந்த இயற்கையான நிறமாற்றத்தைத்தான் டோனிங் என்கிறார்கள். இன்றைக்குச் செப்புக்காசு உறைகளில் மார்க்குக்குப் பக்கத்திலேயே சிவப்பா, சிவப்பும் பழுப்புமா, பழுப்பா என்றும் போடுவார்கள். நம்ம வீட்டில் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவோம் இல்லையா? அதே வேலையை ஒரு 1794-ஆம் வருஷக் காசுக்குச் செய்தால் சேகரிப்பவர் தலையில் கை வைத்துக்கொள்வார். மேல்தோல் போய்விட்டது, அது இனி பழைய காசாகத் தெரியாது, விலை பாதாளத்துக்குப் போய்விடும். பழைய 5 ரூபாய் நாணயம் இருந்தால் லட்சாதிபதி என்று உங்க போனுக்கு வரும் வீடியோக்கள் எதிலும் இந்தப் பேச்சே இருக்காது. அந்த மாதிரி மோசடிகளை நம்பாதீங்க என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

மூன்றாவது விஷயம் முக்கியமானது. இருநூறு வருஷம் கைமாறி வந்த காசில் தழும்பும் கறையும் விழுந்த இடம் இன்னொரு காசில் அப்படியே இருக்காது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளைக்கூட அதை வைத்துப் பிரித்துச் சொல்லிவிடலாம். கைரேகை மாதிரி.

இந்தக் கண்ணோடுதான் ஷெல்டன் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்குள் போனார்.

பிட்ஸ்பர்க்கில் ஜார்ஜ் கிளாப் என்று ஒருவர் இருந்தார். அலுமினியத் தொழிலில் சம்பாதித்தவர். அவரும் இந்தச் செப்புக்காசுகளில் நிபுணர், புத்தகம் எழுதியவர். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காசுகளை 1946-ல் இந்தச் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் வந்து ஆராயலாம் என்பதுதானே இப்படிக் கொடுப்பதன் அர்த்தம். அங்கே போய் ஆராய்ந்தவர்களில் ஷெல்டனும் ஒருவர். பேராசிரியர், டாக்டர், இந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. யார் சந்தேகப்படுவார்கள்?

கிளாப்பின் நல்ல காசை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் குறைந்த தன் காசை அந்த இடத்தில் வைத்துவிட்டார். வகை எண் அதேதான். பெட்டியில் காசுகளின் எண்ணிக்கையும் குறையவில்லை. யாராவது வந்து எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். 30 மார்க் காசு இருக்கும் இடத்தில் 60 மார்க் காசு இருந்தது என்பது, அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவருக்குத்தான் தெரியும். அப்படிப் பார்க்கத் தெரிந்தவரே அதைச் செய்தார். ஒன்றிரண்டு இல்லை, மாறிய காசுகள் என்று சங்கம் பின்னாளில் அடையாளம் கண்டவை நூற்றுக்கும் மேலே.

மனித உடம்பு ஆராய்ச்சியிலும் இதே கதைதான். அவரிடம் உதவியாளராக இருந்த பார்பரா ஹீத், தன் கணக்குக்கு ஒத்துவரும்படி தரவுகளையே ஷெல்டன் மாற்றினார் என்று பிற்காலத்தில் குற்றம் சாட்டினார். ஹீத் விலகிப்போய், இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து அந்த அளவீட்டு முறையைத் திருத்தி எழுதினார். விளையாட்டு அறிவியலில் இன்று உடல்வாகு அளப்பதற்குப் பயன்படுத்துவது அந்தத் திருத்திய முறையைத்தான்.

1972-ல் ஷெல்டன் தன் செப்புக்காசுகளை மொத்தமாக கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு பெரிய சேகரிப்பாளருக்கு விற்றார். வாங்கியவருக்கு உள்விவகாரம் எதுவும் தெரியாது. 1977-ல் ஷெல்டன் இறந்துபோனார். அதே வருஷம்தான் அமெரிக்க நாணயச் சேகரிப்பாளர்களின் தேசிய அமைப்பு தன் அதிகாரபூர்வத் தர நிர்ணயப் புத்தகத்தை வெளியிட்டது. சென்ட்டுக்காக ஷெல்டன் போட்ட 70 மார்க் முறை, அதில் அமெரிக்காவின் எல்லா நாணயங்களுக்கும் வந்துவிட்டது. 1986-லும் 1987-லும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் வந்தன. காசைப் பார்த்து, மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துத் தரும் தொழில். அந்த மார்க் இன்று உலகம் முழுக்கப் போகிறது.

மாட்டிக்கொண்டது எப்படி? எந்தக் கைரேகையை நம்பி ஷெல்டன் காசுகளைப் பிரித்தறிந்தாரோ, அதே கைரேகை. கிளாப்பின் காசுகள் பழைய புகைப்படங்களில் பதிவாகியிருந்தன. இந்தத் துறையில் ஊறியவர்கள் அந்தப் படங்களையும், ஷெல்டன் விற்ற காசுகளையும், சங்கத்தின் பெட்டியில் கிடந்தவற்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். கன்னத்தில் இருந்த கீறல், ஓரத்தில் இருந்த அடி, தேதிக்கு மேலே இருந்த கறை. படத்தில் இருந்த காசு ஷெல்டனின் சேகரிப்பில் இருந்தது. பெட்டியில் இருந்தது வேறு காசு.

1990-களின் தொடக்கத்தில் விஷயம் வெளியே வெடித்து, கோர்ட்டுக்குப் போனது. வாங்கியவர் பணம் கொடுத்து வாங்கியவர், அதுவும் இருபது வருஷத்துக்கு முன்னால். காலக்கெடு முடிந்துவிட்டது, காசு என்னுடையது என்பது அவர் வாதம். அவர் நிலைமையை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால், 1996-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. பறிகொடுத்தவர் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் காலக்கெடுவைக் கணக்கிட வேண்டும் என்றது. பெட்டியில் காசு குறையவே இல்லை என்றால், தொலைந்ததை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஷெல்டனின் சாமர்த்தியமே கடைசியில் அவர் செய்த விற்பனைக்கு எதிராகத் திரும்பியது. கிளாப்பின் காசுகள் சங்கத்துக்குத் திரும்ப ஆரம்பித்தன.

ஷெல்டனின் எஸ் எண்கள் மட்டும் மாறவில்லை. அவரைத் திருடர் என்று சொல்பவர்களும் 1794-ஆம் வருஷக் காசை அவர் எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், அவர் மார்க்கைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கூடுதலாக ஒரு வேலை செய்வார்கள். ஏலத்துக்கு வரும் காசின் பழைய உரிமையாளர் பட்டியலில் ஷெல்டன் பெயர் இருந்தால், கிளாப்பின் பழைய படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்து, கன்னத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கீறலாகப் பார்ப்பார்கள்.