முத்தாற்றில் ஒரு தேடல்

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக் குளித்தோர் கொணர்ந்த சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவது பண்டைய வழக்கம். சதை சிதைந்தபின் அலசினால் முத்து தங்கும். அச்சிதைவில் கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்களின் பங்கு பெரிது. அழிப்பவை என்றே பலரும் எண்ணும் இந்நுண்ணுயிர்கள் உயிர்ச்சத்துகளை ஆக்கவும் வல்லவை. அவ்வாற்றலை நோயுற்றோர்க்கு மருந்தாக்கியவர்களுள் ஒருவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று பிறந்தார். வறுமை மிக்க குடும்பம். மெட்ரிகுலேசன் தேர்வில் மூன்றாம் முறையே வெற்றி பெற்றார் என்பது, பின்னாளில் அவர் எய்திய உயரத்தை நோக்க வியப்பளிக்கிறது. மாநிலக் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளாக்கியது. எழுத்துத் தேர்வில் சிறந்து விளங்கியும் முழுப்பட்டம் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பெற்றது.

இக்காலத்தில் அவருடைய உடன்பிறந்தார் இருவரை ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல்நோய் அடுத்தடுத்துப் பலிகொண்டது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்க மறுக்க, உடல் மெலிந்து குருதி வற்றும் கொடுநோய் அது. அன்று அதற்கு உறுதியான மருந்து இல்லை. அந்த இழப்பு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மனைவி சேசகிரியைத் தாயகத்தில் விட்டு அமெரிக்கா சென்று, ஆர்வர்டில் சேர்ந்தார். மருத்துவமனையில் இரவுப் பணியாளாக உழைத்துப் பிழைப்பை நடத்தினார். சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து, உடல்நீர்மங்களில் பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசையின் ஆற்றலுக்குரிய பாஸ்போகிரியேட்டினும் ஏ.டி.பி.யும் அவர்கள் ஆய்வில் வெளிப்பட்டன. ஆயினும் அங்கே நிலையான பேராசிரியர் பதவி வாய்க்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி ஆய்வகத்தை அடைந்தார். அவ்வூரின் பெயர் பேர்ல் ரிவர். தமிழில் சொன்னால் முத்தாறு.

குருதிச்சோகையை நீக்கும் ஒரு பொருள் ஈரலிலும் ஈஸ்ட்டிலும் உண்டு என்பது அறியப்பட்டிருந்தது. பம்பாயின் கருவுற்ற பெண்களிடையே அதனை முன்னரே உணர்ந்தவர் லூசி வில்ஸ். ஆனால் அப்பொருளைத் தனித்துப் பிரிப்பது அரிதாயிருந்தது. சுப்பாராவின் குழுவினர்க்கு இருவகை பாக்டீரியாக்கள் துணைநின்றன. லாக்டோபேசில்லஸ் கேசி தனக்கு வேண்டிய அச்சத்தைத் தானே ஆக்கமாட்டாது. கரைசலில் அது எவ்வளவு பெருகுகிறதோ, அவ்வளவு சத்து அங்குண்டு எனலாம். இவ்வாறு ஓர் உயிரே துலாக்கோல் ஆயிற்று. மற்றொரு பாக்டீரியாவோ அச்சத்தை ஆக்கித் தன் நொதிப்புக் கரைசலில் உமிழ்ந்தது. ஈரலிலிருந்தும் அக்கரைசலிலிருந்தும் பிரித்த பொருள்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். ஸ்ப்ரூ நோயாளிகளின் குருதி அதனால் தேறியது. உடன்பிறந்தாரை இழந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

உயிர்ச்சத்து கே-2 உம் பாக்டீரியாக்களின் படைப்பே. டாய்சி குழுவினர் அதனை அழுகிய மீன் மாவிலிருந்தே பிரித்தனர். நீரில் கரையும் ஃபோலிக் அமிலத்திலிருந்து அது வேறுபட்டது, கொழுப்பில் கரைவது. அதன் வளையப்பகுதி செல்லின் நீர்ப்பகுதியில் உருப்பெறத் தொடங்கும். நீண்ட வால்பகுதியை இணைக்கும் நொதியோ செல் சவ்விலேயே பதிந்துள்ளது. முழுமையுற்ற மூலக்கூறும் அச்சவ்விலேயே தங்கி, மூச்சுவினைக்கு வேண்டிய எலக்ட்ரான்களைக் கடத்துகிறது. மெல்லிய சவ்வு வெறும் வேலியன்று, பட்டறையும் ஆகும்.

சுப்பாராவின் குழு அத்துடன் நிற்கவில்லை. ஃபோலிக் அமிலத்தின் வடிவை ஒத்து அதன் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின், 1948இல் சிட்னி ஃபார்பர் கையில் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தற்காலிக நலமளித்தது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசன் மருந்தும் அவ்வாய்வகத்தினதே. மண்வாழ் பாக்டீரியாவிலிருந்து பெஞ்சமின் டக்கர் கண்டறிந்த ஆரியோமைசின் அதே 1948இல் வெளிவந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில், 53ஆம் அகவையில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். தாயகம் திரும்பவே இல்லை. அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. அவர் நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.