புதுமைப்பித்தன் – ஒரு பொறியாளனின் பார்வையில்

மலருக்குக் கட்டுரை கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, ஏதாவது மெஷின் சமாசாரம் வரும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். மெக்கானிக்கல் படிச்சவன் சிறுகதையைப் பத்தி எழுத வந்துட்டானே என்று என் செட் நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். இந்த மனிதரை நான் கொஞ்சம் முன்னாலேயே ஒழுங்காகப் படித்திருந்தால் ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டேன். அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சொ. விருத்தாசலம் என்கிற புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அப்பா சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். எட்டு வயதிலேயே அம்மா போய்விட்டார். அப்பாவின் உத்தியோகத்தால் ஊர் ஊராக மாறிப் படித்த பையன், அவர் ஓய்வு பெற்ற பிறகு 1918-ல் சொந்த ஊரான திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தான். இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தது 1931-ல், அப்போது வயது 25. அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இதைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்!

அடுத்த ஆண்டே கமலாவுடன் கல்யாணம். மகன் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவான் என்று தாசில்தார் வீட்டில் நினைத்திருக்க, மகனோ பேனாவை நம்பிச் சென்னைக்குப் போய்விட்டார். 1934-ல் மணிக்கொடியில் அவர் கதைகள் வரத் தொடங்கின. 'ஊழியன்', 'தினமணி', 'தினசரி' என்று பத்திரிகை ஆபீஸ்களில் வேலை. சம்பளமோ கைக்கும் வாய்க்கும் எட்டாத சம்பளம். அவர் ஓரிடம், மனைவி ஓரிடம் என்று பிரிந்திருந்த காலத்தில் கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாகவே வந்திருக்கின்றன. அவ்வளவு நெருக்கடியிலும் நூறை ஒட்டிய கதைகள் எழுதிவிட்டார்.

அந்தக் கதைகளில் அப்படி என்ன இருக்கிறது? நம்ம பாஷையில் சொன்னால், ஒரு கதையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முக்கியமாக மூன்று பாகங்கள். கரு, பாத்திரம், நோக்குநிலை. கரு என்பது கதை எதைப் பற்றியது என்பது. பாத்திரம் என்பது அது யாருக்கு நடக்கிறது என்பது. நோக்குநிலை என்பது யார் கண் வழியாக நாம் பார்க்கிறோம் என்பது. முதல் இரண்டும் எல்லோருக்கும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். மூன்றாவதில்தான் புதுமைப்பித்தன் ஆள் அசகாய சூரர்.

'சாப விமோசன'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். அகலிகை கதை நமக்குத் தெரியாததா? ராமன் கால் பட்டுக் கல் பெண்ணானதோடு நாம் கதையை மூடிவிடுவோம். அவரோ அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். மீண்டு வந்த பெண்ணுக்கு இந்த உலகம் எப்படித் தெரிகிறது என்று அகலிகை பக்கம் நின்று காட்டுகிறார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். கதை பழசுதான். பார்க்கும் இடம் மாறியதும் நியாயமே மாறிப்போகிறது.

என்னைப் பிடித்து உலுக்கியது 'மனித யந்திரம்'. மீனாட்சிசுந்தரம் பிள்ளை கடைக் குமாஸ்தா. காலமெல்லாம் கணக்கு எழுதியே தேய்ந்தவர். ஓர் இரவு கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு, கொழும்புக்கு ஓடிவிடலாம் என்று தூத்துக்குடி ரயிலில் ஏறி உட்கார்ந்தும் விடுகிறார். பயம் வந்து இறங்கித் திரும்புகிறார். பணத்தைப் பழையபடி வைத்துவிட்டு, செலவான சில்லறையைத் தன் பற்றில் எழுதிக்கொள்கிறார். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறவனுக்கு அந்த இரவில் நடந்தது ஒரு சின்னப் பற்று, அவ்வளவுதான். அந்த மனிதருக்குள் அடித்த புயல் அதில் எந்தப் பத்தியிலும் ஏறாது.

இனி என் தப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இருந்த தொழிற்சாலையில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்குப் பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போயிற்று. விசாரணை ரிப்போர்ட் எழுதியவன் நான். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் முடித்தேன். மெஷினின் பாதுகாப்புக் கார்டை உற்பத்தி அவசரத்துக்காகக் கழற்றி வைத்திருந்ததும், அந்த ஆள் தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். எழுதவில்லை. பொய் என்று சொல்ல ஒரு வரி கிடையாது. ஆனால் முழுக்க ஆபீஸ் நாற்காலியிலிருந்து பார்த்த ரிப்போர்ட். சில மாதம் கழித்து 'மனித யந்திரம்' படித்தபோது, நான் எழுதியதும் அந்தக் கணக்குப் புத்தகம் மாதிரிதான் என்று உறைத்தது. அதற்குள் அந்த ஆள் கணக்கு முடித்து ஊருக்குப் போய்விட்டார். என்னால் எதையும் திருத்த முடியவில்லை. இப்போதெல்லாம் விபத்து ரிப்போர்ட் என்றால், அடிபட்டவர் சொல்வதைத்தான் முதலில் எழுதுகிறேன். இது மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காத நாளும் உண்டு.

புதுமைப்பித்தன் கடைசியில் சினிமாவுக்கு எழுதப் போனார். 'ராஜமுக்தி' பட வேலையாகப் புனா போன இடத்தில் காசநோய் முற்றியது. திருவனந்தபுரம் வந்து 1948-ல் கண்மூடினார். வயது 42. அவர் நூல்களைத் தமிழக அரசு 2002-ல் நாட்டுடைமை ஆக்கியது. ஆகவே புத்தகம் கிடைக்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல வழியில்லை.

கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்களும் ரிப்போர்ட் எழுதுவீர்கள். அதில் ஒரு மனிதரின் பிழைப்பு இருக்கும். செமஸ்டர் லீவில் 'மனித யந்திரம்' மட்டுமாவது படித்துவிடுங்கள். அடுத்த சங்கமத்தில் சந்திக்கும்போது, படிச்சாச்சு அண்ணா என்று யாராவது ஒருத்தர் வந்து சொன்னால் அதுவே எனக்குப் போதும்.